சிறுநீரகக் காயமில்லா ஆண்டு

மாமாவுக்கு மூத்திரம் வரவில்லை. இதை முதல் வரியிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் அந்த மருத்துவமனையில் இதே விஷயத்தை முறைப்படி சொல்லிப் பார்ப்பதிலேயே எனக்கு மூன்று நாள் போய்விட்டது.

மாமா என்றால் என் அக்கா ரஞ்சிதத்தின் வீட்டுக்காரர் சின்னராசு. கப்பல் பட்டறையில் வெல்டர். கெண்டைக்காலை ஒரு இரும்புத் தகடு கிழித்திருக்கிறது. சின்னக் காயம்தானே என்று துணியைச் சுற்றிக்கொண்டு நான்கு நாள் வேலைக்குப் போனார். ஐந்தாம் நாள் கால் பூசணிக்காயாக வீங்கி, குளிர்காய்ச்சல் தூக்கிப்போட, விடுதியில் நான்கு வருடமாகப் பக்கத்துக் கட்டிலில் படுப்பவனைப் பார்த்து “நீ யாருப்பா?” என்று கேட்டிருக்கிறார். ஆம்புலன்ஸ். ஐசியூ. காலில் புகுந்த கிருமி ரத்தத்தில் கலந்து உடம்பு முழுவதையும் கலக்கிவிட்டது, இதற்கு செப்சிஸ் என்று பெயர் என்றார்கள்.

சிங்கப்பூரில் அவருக்கு இருக்கும் ஒரே சொந்தம் நான். பெயர் வெங்கட். சுவா சூ காங்கில் ஒரு அறையில் தங்கி, தீவு முழுக்க ஏர்கான் கழுவுகிறேன். கம்பெனியின் நீலச் சட்டை, இடுப்பில் கருவிப் பை, அப்படியே ஓடினேன்.

மருத்துவமனை வரவேற்பு மண்டபத்தில் ஆளுயரப் பலகை. சிவப்பு எண்கள் மின்னின.

‘இங்கே சிறுநீரகக் காயம் இல்லாத நாட்கள்: 211.’

பலகைக்குக் கீழே, நகைக்கடையில் கட்டுவது போலச் சிவப்பு வெல்வெட் கயிறு. கயிற்றுக்குள் சக்கரம் வைத்த ஒரு இயந்திரம். பக்கத்தில் ஆர்க்கிட் தொட்டி. அட்டையில் எழுதியிருந்தது: ‘டயாலிசிஸ் இயந்திரம். ஒரு காலத்தில் இங்கே பயன்பட்டது.’

நல்ல ஆஸ்பத்திரிக்குத்தான் மாமா வந்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டு லிஃப்டில் ஏறினேன்.

ஐசியூவில் மாமாவைப் பார்த்துக்கொண்ட நர்ஸின் பெயர் ஆர்னால்ட். தூத்துக்குடிக்காரர், புக்கிட் பாஞ்சாங்கில் குடியிருக்கிறார், ஞாயிற்றுக்கிழமை கோயில் பாடகர் குழுவில் பாடுகிறவர் என்பதெல்லாம் இரண்டே நிமிடத்தில் தெரிந்துவிட்டது. ஊர்க்காரர்கள் அப்படித்தான்.

“ப்ரெஷர் ஏறுது ப்ரதர். காய்ச்சலும் எறங்குது. ஆனா இத பாருங்க.” கட்டிலுக்குக் கீழே தொங்கிய பையைக் காட்டினார். “இவரு வெயிட்டுக்கு மணிக்கு முப்பது மில்லியாச்சும் வரணும். பன்னெண்டுதான் வருது. கலரப் பாத்தீங்களா, தே ஓ மாதிரி, பால் ஊத்தாத டீ.”

“அப்ப கிட்னில காயமா?”

ஆர்னால்ட் வாசலைத் திரும்பிப் பார்த்தார். “கிட்னின்னு சொல்லலாம். காயம்னு சொல்லலாம். ரெண்டையும் சேத்துச் சொல்லாதீங்க.”

டாக்டர் அமீரா வந்தார். இங்கேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண். பேசும்போது கண் மானிட்டரிலேயே இருந்தது. “கிரியாட்டினின்னு ரத்தத்துல ஒரு கழிவு. கிட்னி ஓடினா அது வெளிய போயிடும். உங்க மாமாவுக்கு நேத்து நூத்தி இருபத்தெட்டு. இன்னைக்கு இருநூத்தி அறுபத்தஞ்சு. செப்சிஸ்ல கிட்னி மயங்கிடுச்சுலா. கொஞ்ச நாள் டயாலிசிஸ் குடுத்தா அதுவே எழுந்துரும்.”

“குடுங்க டாக்டர்.”

“குடுக்கலாம். ஃபார்ம் போக மாட்டேங்குது.”

கணினியைத் திருப்பிக் காட்டினார். ‘சிறுநீரகக் காய அறிவிப்பு, ஏழாம் பதிப்பு.’ பதினான்கு கட்டங்கள். இது போனால்தான் கிட்னி டாக்டர் வருவார், கிடங்கில் பூட்டியிருக்கும் இயந்திரங்களில் ஒன்று வெளியே வரும். ஒன்பதாவது கட்டம் மட்டும் காலி. ‘நோய்க்கு முந்தைய கிரியாட்டினின்.’ பக்கத்தில் நட்சத்திரக் குறி.

“காயம்னா பழைய அளவுலேர்ந்து ஏறியிருக்கணும். பழைய அளவு இல்லன்னா ஏறுச்சான்னு எனக்கு எப்படித் தெரியும்னு சிஸ்டம் கேக்குது,” என்றார் அமீரா.

“நேத்திக்கும் இன்னைக்கும் ரெண்டு மடங்கு ஏறியிருக்கே?”

“ரெண்டுமே நோய்ல எடுத்தது. செல்லாது. ஆறாம் பதிப்புல, பழசு தெரியலன்னா நார்மல்னு வச்சுக்கலாம்னு இருந்துச்சு. மூத்திரம் கொறைஞ்சாலே காயம்தான்னும் இருந்துச்சு. உலகம் பூரா அப்படித்தான் பாக்கறாங்க. ஏழாம் பதிப்புல ரெண்டையும் தூக்கிட்டாங்க.”

“ஏன்?”

“நெறைய பேருக்குக் காயம் வந்துச்சு.”

ஏர்கானில் தண்ணீர் வடியவில்லை என்று யாராவது கூப்பிட்டால், போன வருஷம் எவ்வளவு வடிந்தது, ஆதாரம் இருக்கிறதா என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. குழாயில் வாயை வைத்து ஊதிப் பார்ப்பேன். ஆனால் இது பெரிய இடம், பெரிய குழாய். பழைய அளவைத் தேடிப் புறப்பட்டேன்.

வேலை பெர்மிட்டுக்காக மாமாவுக்குப் பரிசோதனை செய்த க்ளினிக் லிட்டில் இந்தியாவில், சிராங்கூன் சாலையை ஒட்டிய சந்தில், ஒரு சீட்டுக் கம்பெனிக்கும் பூக்கடைக்கும் நடுவில் இருந்தது. கவுண்டரில் நாகம்மா என்று பெயர் குத்திய ஒரு அக்கா. கோப்பைப் புரட்டினார்.

“சின்னராசு... இந்தா இருக்கு. எக்ஸ்ரே ஓகே. மலேரியா இல்ல. கண்ணு ஓகே. காது ஓகே.”

“கிட்னி இருக்காக்கா?”

“இருக்கும்லா தம்பி. எல்லாருக்கும் ரெண்டு இருக்கும்.”

“அளவு வேணும்க்கா. கிரியாட்டினின்.”

கோப்பை மூடினார். “வேலை பெர்மிட்டுக்கு கிட்னி கேக்க மாட்டாங்க தம்பி. மூட்டை தூக்க முடியுதா, இருமறாங்களா, அவ்ளோதான். கிட்னி அவங்கவங்க சொந்த விஷயம்.”

வெறுங்கையோடு திரும்ப மனமில்லாமல், தேக்கா சந்தையில் இரண்டு இளநீர் வாங்கிப் போனேன். ஆர்னால்ட் அதைப் பார்த்ததும் வெடிகுண்டைப் பார்த்த மாதிரி பிடுங்கினார். “யோவ், கிட்னி நின்னுருக்கறப்ப இளநியா? பூரா பொட்டாசியம்! ரத்தத்துல அது ஏறினா ஹார்ட்டு நின்னுரும்.” பிறகு குரலைத் தாழ்த்தினார். “ஏற்கெனவே ஏறிக்கிட்டுதான் இருக்கு.”

மறுநாள் காலை மணிக்கு ஒன்பது மில்லி. நான் ஒன்பதாம் மாடிக்குப் போனேன். அங்கே ‘சிறுநீரகப் பாதுகாப்புப் பண்பாட்டு இயக்குநர்’ ஸ்ரீநாத் உட்கார்ந்திருந்தார். கண்ணாடி அறை, கண்ணாடி மேசை, மேசைமேல் கண்ணாடியில் செய்த சிறுநீரகம் ஒன்று. அது விருதாம்.

“வாங்க மிஸ்டர் வெங்கட். ஃபேமிலி மெம்பர்ஸ் நேரா வந்து பேசறது எங்களுக்கு ரொம்ப ஹேப்பி. எங்க டோர் எப்பவும் ஓப்பன்.”

அந்தக் கதவைத் திறக்க மூன்று இடத்தில் என் பெயரை எழுதிவிட்டு வந்திருந்தேன்.

“சார், எங்க மாமாவுக்கு ஒண்ணுக்கு வரல.”

“புரியுது. பிக் பிக்சர் சொல்றேன். போன வருஷம் இந்த ஹாஸ்பிட்டல்ல நூத்தி எண்பத்தி நாலு கிட்னி காயம். ஐசியூல செப்சிஸோட வர்றவங்கள்ல பாதிப் பேருக்கு வந்துச்சு. நான் ஜாயின் பண்ணேன். இந்த வருஷம் எவ்ளோ தெரியுமா?”

“எவ்ளோ சார்?”

“ஸீரோ.” கண்ணாடிச் சிறுநீரகத்தை ஒரு சுற்று சுற்றிவிட்டார். “எல்லாரும் கேக்கறாங்க, என்ன மருந்து குடுத்தீங்க, ஆளு கூட்டினீங்களா, மெஷின் வாங்கினீங்களான்னு. ஒண்ணுமே பண்ணல மிஸ்டர் வெங்கட்! டாக்டர்ஸ் அதேதான். நர்ஸ் ரெண்டு பேர் கம்மி. ஃபார்ம மட்டும்தான் மாத்தினோம். டாக்டர்ஸ் எப்பவும் பேஷண்டப் பாத்துட்டே இருப்பாங்க. அதனால அவங்களுக்கு கிட்னி காயம் எங்கேர்ந்து வருதுன்னு தெரியல. நான் டேட்டாவப் பாத்தேன். ஃபார்ம்லேர்ந்துதான் வருது!”

“அப்ப மூத்திரம் நின்னு போனவங்க எல்லாம்?”

“அவங்க கிட்னி ஓய்வுல இருக்கு. வகைப்பாடு வேற. பத்து நாள்ல ஹாஸ்பிட்டலுக்கு மார்க் போட ஓவர்சீஸ்லேர்ந்து அஸெஸர்ஸ் வராங்க. இந்த நேரத்துல பழைய அளவு இல்லாத ஒருத்தருக்காக நான் ப்ராசஸ மீறினா, அது மத்த பேஷண்ட்ஸுக்குப் பண்ற துரோகம். நீங்க ஒரு டெக்னீஷியன், உங்களுக்குப் புரியும்.”

எனக்குப் புரியவில்லை. ஆனால் அவர் என் கையைக் குலுக்கிய விதத்தில் எனக்குப் புரிந்துவிட்டதாக அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். வெளியே வரும்போது ஒரு பேனா கொடுத்தார்கள். அதிலும் ஒரு சிறுநீரகம் சிரித்துக்கொண்டிருந்தது.

அறந்தாங்கிக்குப் போன் போட்டேன். அக்கா எடுத்தாள்.

“டேய் வெங்கட்டு, வாழைத்தண்டு சாறு குடுத்தியாடா?”

“அக்கா, அவருக்கு வாயால தண்ணியே அளந்துதான் குடுக்கறாங்க. எப்பவாச்சும் மாமா ஊர்ல ரத்தம் டெஸ்ட் எடுத்தாராக்கா? ஞாபகப்படுத்திப் பாரு.”

“அந்த மனுசன் ஊசியக் கண்டா ஊரணியில எறங்கி ஓடுவாரே... இரு, இரு. ரெண்டு வருசம் முன்னாடி லீவுல வந்தப்ப பள்ளிக்கூடத்துல எலவச கேம்ப் போட்டாங்கடா. மரக்கன்னு தர்றாங்கன்னு போயி ரத்தமும் குடுத்துட்டு வந்தாரு.”

அரை மணி நேரத்தில் வாட்ஸ்அப்பில் படம் வந்தது. ரேஷன் அட்டை உறையிலிருந்து எடுத்த, நான்காய் மடிந்த தாள். சின்னராசு, ஆண், 36. கிரியாட்டினின்: 0.9. லிஃப்டுக்குக் காத்திருக்காமல் படியில் ஓடினேன்.

டாக்டர் அமீரா ஒன்பதாவது கட்டத்தில் 0.9 என்று அடித்தார். நாங்கள் மூவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டோம். அனுப்பும் பொத்தான் பச்சையாகவில்லை. திரையில் ஒரு மஞ்சள் பெட்டி எழுந்தது.

‘இந்த அளவு மனிதருக்குரியது அல்ல. நோயாளி எந்த உயிரினம் என்பதை உறுதிசெய்யவும்.’

“என்னங்க இது?” என்றேன்.

ஆர்னால்ட் தலையில் அடித்துக்கொண்டார். “ஊர்ல மில்லிகிராம்ல அளப்பாங்க ப்ரதர், இங்க மைக்ரோமோல். ஊர்ல ஒண்ணுன்னா இங்க எண்பத்தெட்டு. இந்த ஜீரோ பாயிண்ட் நைன எண்பத்தெட்டு புள்ளி நாலால பெருக்கினா எண்பது. தங்கமான கிட்னி உங்க மாமாவுக்கு!”

அமீரா 0.9 ஐ அழித்துவிட்டு 80 என்று போடப் பார்த்தார். தாமதம். கட்டம் பூட்டிக்கொண்டது. ‘உயிரின ஐயம்: குழுவுக்கு அனுப்பப்பட்டது.’

மூன்றாம் நாள் காலை பதினொரு மணிக்குக் குழு கூடியது. மணிக்கு ஐந்து மில்லி. கிரியாட்டினின் நானூற்றுப் பன்னிரண்டு. பொட்டாசியத்தை இறக்க அமீரா கொடுத்த மருந்துகள் இரண்டு மணி நேரம் இறக்கின. பிறகு அது மறுபடியும் ஏறியது. மாமாவின் முகம் உப்பி, கண் இடுங்கிவிட்டது. “மாப்ள, கரண்டு போயிருச்சா?” என்று பட்டப்பகலில் கேட்டார். அவரை அப்படியே விட்டுவிட்டு, அவர் மனிதர்தான் என்று நிரூபிக்க நான் ஒன்பதாம் மாடிக்குப் போனேன்.

நீள மேசை. ஏழு பேர். நடுவில் ஒரு தட்டு நிறைய கறிபஃப். ஸ்ரீநாத் நிகழ்ச்சி நிரலை வாசித்தார். “ஐட்டம் ஒன்: பேஷண்ட் மனிதரா. டாக்குமெண்ட்ஸ்?”

மாமாவின் வேலை அட்டையை வைத்தேன். கைக்குக் கை மாறிப் போனது. ஒருவர் படத்தை உற்றுப் பார்த்தார். இன்னொருவர் திருப்பிப் பின்பக்கத்தைப் பார்த்தார்.

“இந்தக் கார்டுல வெல்டர்னு இருக்கு. மனிதர்னு எங்கயும் இல்லயே,” என்றார் ஒரு பெண்மணி. தப்புச் சொல்ல முடியாது. இல்லைதான்.

“இவர நோய்க்கு முன்னாடி நேர்ல பாத்தவங்க யாராச்சும்?” என்றார் ஸ்ரீநாத்.

“நான் பாத்திருக்கேன் சார். எங்க அக்கா கல்யாணத்துல.”

“அப்ப எப்படி இருந்தார்?”

“வேட்டி கட்டியிருந்தாரு சார்.”

குறித்துக்கொண்டார்கள். பத்து நிமிட ஆலோசனைக்குப் பிறகு தீர்ப்பு வந்தது: நோயாளி மனிதர், தற்காலிகமாக, ஆறு மாதத்தில் மறுபரிசீலனை. நான் எழுந்து கும்பிட்டேன்.

“ஐட்டம் டூ,” என்றார் ஸ்ரீநாத். “பேஷண்ட் மனிதர்னு இப்ப முடிவாயிடுச்சு. மனிதருக்கு 0.9 இருக்க முடியாது. ஸோ அந்த ரிப்போர்ட் செல்லாது. ஒன்பதாவது கட்டம் மறுபடியும் காலி.”

என்னோடு வந்திருந்த ஆர்னால்டால் பொறுக்க முடியவில்லை. “சார், அது வேற யூனிட். எண்பத்தெட்டு புள்ளி நாலால பெருக்கணும். அவ்ளோதான் சார்.”

ஸ்ரீநாத் மென்மையாகப் பேசினார். கோயிலில் செருப்போடு நுழைந்தவனிடம் பேசுவது போல. “ஆர்னால்ட், பெருக்கறதுங்கறது டேட்டாவ மாத்தறது. இன்னைக்கு எண்பத்தெட்டால பெருக்குவீங்க, நாளைக்கு வேற எதாலயோ பெருக்குவீங்க. அந்த லேப்பே பெருக்கி, சீல் போட்டு அனுப்பட்டும். நீங்க நல்ல நர்ஸ். பெருக்காதீங்க.”

“சார், அது கேம்ப்பு! பள்ளிக்கூடத்துல ஒரு நாள் போட்ட ஷாமியானா!” என்றேன்.

“அப்ப அந்த ஷாமியானாவக் காண்டாக்ட் பண்ணுங்க,” என்றார். எல்லோரும் கறிபஃபை எடுத்துக்கொண்டார்கள்.

கீழே வந்தோம். அமீரா ஒரு தாளை நீட்டினார். பொட்டாசியம் ஆறு புள்ளி எட்டு. மானிட்டரில் மாமாவின் இதயக் கோடுகள் கூடாரம் அடித்தது போலக் கூராக நின்றன.

“வேற ஆஸ்பத்திரிக்கு மாத்தலாம்னா, வழியிலேயே ஹார்ட் நின்னுடும் வெங்கட். மெஷின் இருந்தா ஃபார்மெல்லாம் பாக்காம நானே இப்ப போட்டுடுவேன். என் வேலை போனா போகட்டும். ஆனா அஞ்சு மெஷினும் கிடங்குல. பூட்டு சிஸ்டம் கையில.”

“அஞ்சுதானா டாக்டர்?”

“மொத்தம் ஆறு. ஒண்ணு கீழ லாபில, ஷோவுக்கு.”

“அது ஓடுமா?”

ஆர்னால்ட் நிமிர்ந்தார். “ஓடுமாவா? மாசா மாசம் சர்விஸ் பண்ணி ஸ்டிக்கர் ஒட்டறாங்க ப்ரதர். போன வாரம்கூட ஒட்டினாங்க. ஷோ பீஸ்ல தூசி இருந்தா அஸெஸர்ஸ் மார்க்கக் கொறைப்பாங்கன்னு.”

என் வேலையில் ஒரு ரகசியம் உண்டு. நீலச் சட்டை போட்டு, கருவிப் பை கட்டி, கையில் ஒரு ஜாப் ஷீட் வைத்திருந்தால், சிங்கப்பூரில் எந்தக் கதவும் நமக்குத் திறக்கும். வங்கியின் பெட்டக அறைக்குள்கூடப் போயிருக்கிறேன். மேலே பார்ப்போம், தலையைச் சொறிவோம், ஏணி கேட்போம். ஒருவரும் பெயர் கேட்க மாட்டார்கள்.

மண்டபத்துக்கு இறங்கினேன். வெல்வெட் கயிற்றை அவிழ்த்து ஆர்க்கிட் தொட்டியின் மேல் போட்டேன். இயந்திரத்தைச் சுற்றி ஒருமுறை நடந்தேன். தலையைச் சொறிந்தேன். காவலர் வந்தார்.

“எங்க கொண்டு போறீங்க?”

“சர்விஸ் அண்ணே. லோடு குடுத்து ஓட்டிப் பாக்கணும்.”

“ஷீட் இருக்கா?”

நீட்டினேன். எங்கள் கம்பெனி ஷீட்தான். மேலே பெங்குவின் படம் இருக்கும். கீழே சிரிக்கும் சிறுநீரகப் பேனாவால் எழுதியிருந்தேன்: ‘வேலை: டெஸ்ட் ரன். இடம்: ஐசியூ. லோடு: ஒன்று.’ காவலர் பெங்குவினைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு ஓடிப் போய் எனக்காக லிஃப்டைப் பிடித்து வைத்தார். “பாத்து அண்ணே, வாசல்ல இடிக்காம,” என்றார்.

அமீரா இயந்திரத்தைப் பார்த்ததும் ஒரு வினாடிகூட யோசிக்கவில்லை. கையுறை மாட்டிக்கொண்டார். மாமாவின் கழுத்தில் குழாய் ஏறியது. ஆர்னால்ட் பைகளைத் தொங்கவிட்டு, ஸ்டிக்கரைச் சரிபார்த்து, திரையில் எண்களைத் தட்டினார். பம்ப் சுழன்றது. மாமாவின் ரத்தம் சிவப்பாக வெளியே போய், வடிகட்டிக்குள் நுழைந்து, திரும்பி வந்தது. நான் கருவிப் பையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். என் வாழ்க்கையில் பார்த்த மிக அழகான சர்விஸ் அதுதான்.

இரண்டு மணி நேரத்தில் ஸ்ரீநாத் வந்துவிட்டார். பின்னால் குழுவில் நால்வர். ஒருவர் கையில் அவிழ்த்த வெல்வெட் கயிறு.

“டாக்டர் அமீரா, இது என்ன? கிட்னி காயத்துக்கு ட்ரீட்மெண்டா?”

அமீரா வாயைத் திறந்தார். அவர் உண்மையைச் சொல்லப் போகிறார் என்று முகத்திலேயே தெரிந்தது. சொன்னால் இயந்திரத்தை நிறுத்துவார்கள். நான் குறுக்கே பாய்ந்து ஜாப் ஷீட்டை நீட்டினேன்.

ஸ்ரீநாத் படித்தார். இரண்டாம் முறை படித்தார். முகம் மெல்ல மலர்ந்தது. “டெஸ்ட் ரன்! இவர் பேஷண்ட் இல்ல, லோடு. லோடுக்கு காயம் வர முடியாது. ஸோ எண்ணிக்கையில வராது.” குழுவைத் திரும்பிப் பார்த்தார். “கைஸ், மெஷின் சும்மா நிக்குதுன்னு அஸெஸர்ஸ் கேட்டா என்ன சொல்றதுன்னு நான் தூங்கவே இல்ல. இது ப்ரிவெண்டிவ் மெயின்டனன்ஸ்! எவ்ளோ நேரம் ஓட்டணும்?”

“மூணு நாளாச்சும் ஓட்டணும் சார்,” என்றேன். ஆர்னால்ட் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். தோள் குலுங்கியது.

“தரோவா பண்ணுங்க,” என்றார் ஸ்ரீநாத். “‘டெஸ்ட் செய்தவர்’னு ஒரு கட்டம் காலியா இருக்கு பாருங்க. டாக்டர், அங்க ஒரு கையெழுத்து.”

அமீரா பெங்குவினுக்குக் கீழே கையெழுத்துப் போட்டார். பத்து வருடம் படித்தவர்.

அன்று மாலைக்குள் பொட்டாசியம் ஐந்துக்கு இறங்கியது. மறுநாள் மாமா என்னை அடையாளம் கண்டு, “டேய், வேலைக்குப் போகலயா?” என்று திட்டினார். இயந்திரம் ஓடிய நான்காம் நாள் காலை ஆர்னால்ட் என்னைக் கையைப் பிடித்து இழுத்துப் போய்ப் பையின் முன்னால் நிறுத்தினார். நாற்பது மில்லி. தே ஓ நிறம் போய் மோர் பிரிந்த தண்ணீர் மாதிரி தெளிந்திருந்தது. மதியம் தொண்ணூறு. இயந்திரத்தை நிறுத்திப் பார்த்தார்கள். மாலையில் மணிக்கு இருநூறு.

“அக்கா, மாமாவுக்கு வந்துருச்சுக்கா!” தாழ்வாரத்தில் நின்று கத்தினேன்.

“எவ்வளவுடா?”

“இருநூறு மில்லி! ஒரு மணி நேரத்துல!”

“அது எத்தன டம்ளருடா?”

“ஒரு டம்ளர்க்கா!”

அறந்தாங்கியில் அவள் அழுதாள். பின்னால் யாரோ “என்னாச்சு, என்னாச்சு” என்று கேட்பதும், “அவரு ஒண்ணுக்குப் போயிட்டாரு” என்று அவள் தெருவுக்கே சொல்வதும் கேட்டது.

அடுத்து வந்தது எச்சரிக்கை மணி. ஒரு நாளைக்கு நான்கு லிட்டர் போவதைக் கணினி ‘விளக்கமற்ற மிகைச் சிறுநீர்’ என்று சிவப்பில் காட்டியது. மயங்கி எழுந்த சிறுநீரகம் முதலில் அப்படித்தான் கொட்டும் என்றார் அமீரா. ஆனால் இங்கே எந்தச் சிறுநீரகமும் மயங்கவே இல்லையே. கடைசியில் ‘பார்வையாளர் கொண்டுவந்த இளநீர்’ என்று காரணம் எழுதிக் கோப்பை மூடினார்கள்.

மாமாவை வீட்டுக்கு அனுப்பும் நாளும் அஸெஸர்கள் வரும் நாளும் ஒன்றாக அமைந்தது. ஸ்ரீநாத் வார்டுக்கே வந்தார். “மிஸ்டர் சின்னராசு, இன்னைக்கு ஃபங்ஷன்ல எங்க பராமரிப்புத் திட்டத்தோட வாலண்டியரா மேடையில உக்காரணும். ஒரு போட்டோ. அவ்ளோதான்.”

மாமா டிஸ்சார்ஜ் கடிதத்தை ஆர்னால்டிடம் நீட்டினார். “தம்பி, இதுல கிட்னி பத்தி எழுதியிருக்கா?”

“கால் காயம், செப்சிஸ், அவ்ளோதான் இருக்கு அண்ணே. கிட்னி இல்ல.”

“இல்லன்னா என்ன ஆகும்?”

ஆர்னால்ட் ஸ்ரீநாத்தைப் பார்த்தார். பிறகு பார்ப்பதை நிறுத்திவிட்டு மாமாவிடமே சொன்னார். “உங்க கிட்னி இன்னும் முழுசா தேறல. நாளைக்கு முதுகு வலின்னு எந்த க்ளினிக் போனாலும், இது தெரியாம வலி ஊசியப் போட்டுருவாங்க. அது நேரா கிட்னியத்தான் அடிக்கும். ரெண்டு வாரத்துல ரத்தம் பாக்கணும்னும் யாருக்கும் தெரியாது.”

மாமா கடிதத்தை மடித்து ஸ்ரீநாத்தின் கையில் வைத்தார். “அந்த வரிய எழுதிக் குடுங்க சார். போட்டோவுக்கு எவ்ளோ நேரம் வேணும்னாலும் உக்கார்றேன். இல்லன்னா கட்டில விட்டு எறங்கல.”

“மிஸ்டர் சின்னராசு, அந்த வரி டைப் ஆனா எண்ணிக்கை மாறிடும். இருநூத்தி இருபத்திரண்டு நாள்...”

“எனக்கு இருக்கறது ரெண்டு சார்,” என்றார் மாமா.

வெளியே யாரோ ‘அஸெஸர்ஸ் வந்துட்டாங்க’ என்று ஓடினார்கள். ஸ்ரீநாத் வியர்த்தார். கடைசியில் அவரே வழி கண்டுபிடித்தார். “டாக்டர், கையால எழுதுங்க. சிஸ்டம் டைப் பண்ணதத்தான் எண்ணும். கையெழுத்து அதுக்குத் தெரியாது.”

அமீரா கடிதத்தின் ஓரத்தில், பெரிய எழுத்தில், செப்சிஸால் கடுமையான சிறுநீரகக் காயம், டயாலிசிஸ் தரப்பட்டது, வலி ஊசி போடக் கூடாது, இரண்டு வாரத்தில் ரத்தப் பரிசோதனை என்று எழுதி இரண்டு கோடு கிழித்தார். மாமா அதைச் சட்டைக்குள் வைத்துப் பொத்தான் போட்டார்.

மண்டபத்தில் மேடை. மாமாவுக்கு நடு நாற்காலி. ஸ்ரீநாத் மைக்கைப் பிடித்தார். “மதிப்பிற்குரிய விருந்தினர்களே! ஒரு நிறுவனத்தின் உயர்வு அது குணப்படுத்திய நோய்களில் இல்லை. அது அனுமதிக்காத நோய்களில் இருக்கிறது. நாங்கள் சிறுநீரகக் காயத்துக்கு அனுமதி மறுத்துவிட்டோம்...”

கைதட்டல். புகைப்படக்காரர் குனிந்தார். “எல்லாரும் இங்க பாருங்க. ஒன், டூ...”

மாமா எழுந்து நின்றார். “சார், ஒரு நிமிசம்.”

“என்னாச்சு?” ஸ்ரீநாத் மைக்கிலேயே கேட்டுவிட்டார்.

“வருது சார்.”

காலைத் தாங்கித் தாங்கி, முன் வரிசையில் இருந்த வெளிநாட்டு விருந்தினர்களைக் கடந்து, பொதுக் கழிவறையை நோக்கிப் போனார். பின்னால் நின்ற ஆர்னால்ட் கை தட்ட ஆரம்பித்தார். அமீராவும் தட்டினார். என்னவோ முக்கியமான கட்டம் என்று நினைத்து விருந்தினர்கள் எழுந்து நின்று தட்டினார்கள். நான் மாமா பின்னால் ஓடிக் கழிவறை வாசலில் நின்றேன்.

மேடையில் காலி நாற்காலியின் பக்கத்தில் ஸ்ரீநாத் சிரிப்பைக் கலைக்காமல் காத்திருந்தார். ஒரு நிமிடம் ஆயிற்று. ஒன்றரை ஆயிற்று.

“மாமா, ஒண்ணும் பிரச்சினை இல்லல்ல?” என்று உள்ளே குரல் கொடுத்தேன்.

“நீ போயி உக்காருடா மாப்ள,” என்று உள்ளிருந்து எதிரொலித்தது. “இன்னும் வந்துக்கிட்டே இருக்கு!”